டி.என்.ஏ. பொருந்தினால் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

துப்புத் துலங்காத கொலை வழக்கில் 'டி.என்.ஏ. பொருந்தியது' என்று செய்தி வந்ததுமே தீர்ப்பே வந்துவிட்டதாக நினைக்கிறோம். எவ்வளவு கிடைத்தது, யார் யார் கைமாறி வந்தது என்று கேட்பாரில்லை.

ஒரு மனித செல்லில் சுமார் 6 பிகோகிராம் (ஒரு பிகோகிராம் என்பது கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) டி.என்.ஏ. உண்டு. ஒரு நானோகிராம் (1,000 பிகோகிராம்), அதாவது சுமார் 150 செல்கள், சோதனைக்குத் தாராளம். வினையே இந்த நுணுக்கத்தில்தான். கைகுலுக்கியவரின் செல் உங்கள் கைவழியே கத்திப்பிடிக்கு ஏறிவிடலாம். 100 பிகோகிராமுக்குக் கீழே போனால் சில அல்லீல்கள் (ஆளை அடையாளம் காண ஒப்பிடும் மரபணு வடிவங்கள்) சோதனையில் விடுபட்டுப்போகும். மூன்று பேருடையது கலந்திருந்தால் பிரித்துச் சொல்வதில் நிபுணரின் கணிப்பும் சேர்ந்துவிடும்.

ரத்தம் காயாத துணியை பிளாஸ்டிக் பையில் கட்டினால், பெங்களூரு மழை ஈரத்தில் பூஞ்சையும் பாக்டீரியாவும் டி.என்.ஏ.வைச் சிதைத்துவிடும். நிழலில் உலர்த்தி, காகித உறையில் தனித்தனியாக வைக்க வேண்டும். அந்த உறைக்குத்தான் பல இடங்களில் பஞ்சம்!

ஜெர்மனியிலும் அண்டை நாடுகளிலும் சுமார் 40 குற்ற இடங்களில் டி.என்.ஏ. சிக்கிய 'ஒரே பெண்' குற்றவாளியே அல்ல, மாதிரி எடுக்கும் பஞ்சுக்குச்சியின் தயாரிப்பில் இருந்த தொழிலாளி என்று 2009-இல் தெரிந்தது. கிருமிநீக்கம் கிருமியைக் கொல்லும், டி.என்.ஏ.வை நீக்காது.

சுருளி அருவி இரட்டைக் கொலை வழக்கில் 2025-இல் மரண தண்டனையை ரத்து செய்த உச்ச நீதிமன்றம், மாதிரிகள் 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேரவேண்டும், கைமாறும் ஒவ்வொரு முறையும் பதிவேட்டில் ஏறவேண்டும் என்றது. அந்தப் பதிவேட்டின் நகலையும் டி.என்.ஏ. அளவையும் ஆய்வறிக்கையோடு இணைக்க கர்நாடக அரசு உத்தரவிட வேண்டும்.

- ஒரு வாசகர், அல்சூர், பெங்களூரு