சாருக்கு, மலரில் எழுதாதது

அன்புள்ள சார்,

உங்கள் எண்பதாம் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நம் பழைய மாணவர்கள் விடாமல் போன் செய்தார்கள். முடியாது என்று நேற்றுதான் சொன்னேன். மன்னியுங்கள். மலர் என்றால் புகழத்தான் வேண்டும். உங்களைப் புகழ எனக்கு எவ்வளவோ இருக்கிறது, ஆனால் அதை மட்டும் எழுதினால் பொய்யாகிவிடும்.

அந்தப் பரீட்சை நாள்தான் சார். பெயர் எதுவும் போடப் போவதில்லை. அவன் இன்று பிள்ளைகுட்டியோடு இருக்கிறான், இதைப் படிக்கவும் கூடும். எனக்கு முன் பெஞ்சு. ஹால் டிக்கெட்டுக்கு அடியில் மடித்து வைத்திருந்த பிட்டை நீங்கள் பிடுங்கவில்லை. "நீயே எடுத்துக் குடுப்பா" என்றீர்கள். வெளியிலிருந்து ஒருவர் வந்து, அவன் யார் வீட்டுப் பிள்ளை என்று உங்கள் காதில் சொன்னார். எனக்கே கேட்டது. நீங்கள் பேனா மூடியைக் கழற்றி, பதிவு எண்ணைக் கேட்டு எழுதினீர்கள். கையெழுத்துப் போட முடியாமல் அவன் கை நடுங்கியது. உங்கள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்து, அவன் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றீர்கள்.

வீரமான காரியங்களைச் செய்து செய்தே ஒருவன் வீரனாகிறான் என்று நீங்கள் அரிஸ்டாட்டில் நடத்தியபோது நோட்டில் எழுதிக்கொண்டதோடு சரி. அன்றுதான் புரிந்தது. நீங்கள் விதிப் புத்தகத்தைப் புரட்டவில்லை, லாப நஷ்டமும் பார்க்கவில்லை. தார்மீகக் கடமை என்ற பேச்சை ஒதுக்கிவிட்டு, ஒரு செயல் அநியாயமா, பொய்யா என்று நேரடியாகக் கேட்கலாமே என்று தத்துவ அறிஞர் எலிசபெத் ஆன்ஸ்கோம் 1958இல் எழுதினார். அதற்கு உதாரணம் தேட நான் எங்கும் போக வேண்டியிருக்கவில்லை.

கோடை விடுமுறை முடிவதற்குள் உங்களுக்கு மாற்றல். யாரால் என்று இங்கே எழுத மாட்டேன், தெரிந்தவர்களுக்குத் தெரியும். கடைசி வருடம் எங்களுக்கு வாத்தியாரே இல்லை. கைடு வாங்கிப் படித்தோம். உங்கள் வீட்டுக்காரம்மா, டீச்சர், தன் வேலையை விட்டுவிட்டு உங்களோடு கிளம்பினார்கள். அவர்களை ஒரு வார்த்தை கேட்டீர்களா சார்? நல்ல வாழ்வுக்குக் குணம் மட்டும் போதாது, நண்பர்களும் ஓரளவு பொருளும் அதிர்ஷ்டமும் வேண்டும் என்று அதே அரிஸ்டாட்டில்தான் சொல்கிறார். வகுப்பில் அந்த இடத்தை வேகமாகத் தாண்டிப் போனீர்கள்.

இன்று என் வகுப்பில் நான் அந்த இடத்தில் நிறுத்தி நிதானமாக நடத்துகிறேன். கூடவே உளவியலாளர்கள் டார்லியும் பேட்சனும் 1973இல் வெளியிட்ட ஆய்வையும் சொல்கிறேன். அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் இறையியல் மாணவர்கள் போகும் வழியில், இருமி முனகிக்கொண்டு ஒரு ஆள் சுருண்டு கிடக்கிறார். அவசரமில்லாதவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். ரொம்ப அவசரத்தில் இருந்தவர்களில் 10 சதவீதம்தான். அப்படியென்றால் குணம் என்று ஒன்று உண்டா என்று பிள்ளைகள் கேட்பார்கள். காதோரம் மிரட்டல் வந்தும் பேனா நிற்காத ஒருவரை என் கண்ணால் பார்த்திருக்கிறேன் என்பேன். உங்களைத் தவிர வேறு பதில் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

போன வாரம் ஒரு பெண் எழுந்து, "அவங்க வீட்டுக்காரம்மா என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

விழாவுக்கு வர மாட்டேன் சார். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை. கூட்டமெல்லாம் ஓய்ந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறேன். அந்தப் பெண் கேட்டதை டீச்சரிடம் கேட்க வேண்டும். அவர்கள் சொல்லும்போது நீங்களும் பக்கத்தில் இருங்கள்.