பஸ் ஹாரனுக்கு ஒரு மார்ச்

சேலம்

டேய் கிளாரினெட்டு,

பதில் போடாததற்குத் திட்டி முடித்துவிட்டாயா? சரி. வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. மாம்பழம் இந்த வருஷம் சுமார். அதனால்தான் அனுப்பவில்லை, கஞ்சத்தனம் என்று உன் வீட்டில் சொல்லி வைக்காதே. விஷயத்துக்கு வருகிறேன்.

அக்கா பையன் பள்ளிக்கூட பேண்டுக்கு ஒரு மார்ச் எழுதிவிட்டான், முழு அணிவகுப்பு இசை!

ஏற்காட்டுப் பள்ளியில் ஆண்டு விழா. சிறப்பு விருந்தினர் மேடையேறும்போது வாசிக்க அவனுடைய மாஸ்டர் அனுமதி கொடுத்துவிட்டார். பி ஃபிளாட் சுருதியில் ஜம்மென்று கிளம்பியது. பத்துப் பன்னிரண்டு பார் (தாளக் கட்டு) போயிருக்கும், யூபோனியம் என்கிற அந்தப் பெரிய பித்தளைக் குழல் மட்டும் ஒட்டாத ஈ நேச்சுரல் சுரத்தில் 'பாம்ம்ம்' என்று ஒரு ஊது ஊதியது. நம் கணக்கில் ஸட்ஜத்துக்குப் பக்கத்திலேயே பிரதி மத்யமத்தை வைத்து அமுக்கினால் எப்படி இருக்கும், அப்படி. விருந்தினர் அந்த யூபோனியப் பையனைப் பரிதாபமாகப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் 'பாம்ம்ம்'. அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். அதற்கடுத்த தடவை பின் வரிசையில் யாரோ சத்தமாகச் சிரித்தார்கள். அப்புறம்தான் எல்லோருக்கும் புரிந்தது: இருபது கொண்டை ஊசி வளைவிலும் பஸ்காரன் அடிக்கிற ஹாரன்!

இந்த யோசனையை எங்கிருந்து பிடித்தான் தெரியுமா? மால்கம் ஆர்னால்டு என்ற இங்கிலாந்து இசையமைப்பாளரிடமிருந்து. பெயர் கேட்டதும் விழிக்காதே. நம் பேண்ட் மாஸ்டர் அந்தக் காலத்தில் நம்மை விசிலடிக்க வைத்து மைதானத்தைச் சுற்ற விட்டாரே, அந்த 'பிரிட்ஜ் ஆன் த ரிவர் க்வாய்' படத்துக்கு இசையமைத்தவர். ஆனால் விசில் மெட்டு அவருடையதில்லை. அது 1914-இல் ரிக்கெட்ஸ் என்ற ராணுவ பேண்ட் மாஸ்டர், கென்னத் ஆல்ஃபோர்ட் என்ற புனைபெயரில் எழுதிய மார்ச். ஆர்னால்டு அதன் மேலேயே பொருந்துகிற மாதிரி இன்னொரு மார்ச் எழுதிச் சேர்த்தார். 1957-இல் வந்த படம், இலங்கையில் எடுத்தது. மொத்த இசைக்கும் அவருக்குக் கிடைத்தது பத்தே நாள். ஆஸ்கர் வாங்கினார். இன்றைக்கும் ஊர் உலகம் விசிலடிப்பதென்னவோ ரிக்கெட்ஸின் மெட்டைத்தான்.

பையன் பிடித்துக்கொண்டது வேறொன்று. இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரையில் பேட்ஸ்டோ என்ற ஊரின் உயிர்காப்புப் படகுக்காக ஆர்னால்டு 1967-இல் பிராஸ் பேண்டுக்கு, அதாவது பித்தளைக் குழல்கள் மட்டும் உள்ள பேண்டுக்கு, ஒரு மார்ச் எழுதினார். பக்கத்துக் கலங்கரை விளக்கத்தில் பனிமூட்டத்தின்போது ஒரு ஊதல் கத்துமாம். அது ஏறக்குறைய டி சுரம். மார்ச் போவது ஏ ஃபிளாட்டில். மனுஷன் அந்த டி-யை மாற்றாமல் அப்படியே நடுவில் போட்டுவிட்டார். ஒட்டவே ஒட்டாது, அதுதான் அழகு. மில் சங்கு ஊதினால் நம் மாஸ்டர் பிராக்டீஸையே நிறுத்திவிட்டு அதைச் சபிப்பாரே, ஞாபகமிருக்கிறதா?

இப்போது ராத்திரியெல்லாம் ஆர்னால்டுதான் கேட்கிறேன். ஷூ கம்பெனிக்காரர் வீட்டுப் பிள்ளை. சின்ன வயசில் லூயி ஆம்ஸ்ட்ராங்கைக் கேட்டுவிட்டு ட்ரம்பெட் எடுத்தவர். (நம்ம ஜாதி!) லண்டன் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவில் முதல் ட்ரம்பெட் வரை போய், 1948-இல் அதை விட்டுவிட்டு முழுநேரமும் எழுத உட்கார்ந்தார். நூறு படங்களுக்கு மேல், ஒன்பது சிம்ஃபனி, நடுநடுவே பேண்டுக்கு மார்ச்சும் 'சூட்' என்கிற தொகுப்பு இசையும். மூன்று வாக்குவம் கிளீனர், நாலு துப்பாக்கி வைத்து ஒரு ஓவர்சர் (தொடக்க இசை) கூட உண்டு, பொய்யில்லை. சினிமாக்காரர், மெட்டுப் போடுகிறவர் என்று விமர்சகர்கள் மட்டம் தட்டினார்கள். அவர் எதையும் மட்டமாக நினைத்து எழுதின மாதிரி எனக்குப் படவில்லை. பின்னால் உட்கார்ந்து பார் எண்ணிக்கொண்டிருந்த ஆள் என்பது அந்த எழுத்தில் தெரிகிறது. மூலையில் இருப்பவனுக்கும் ஏதாவது ஒரு ருசி வைத்திருப்பார்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதைப் பையனிடம் நான் சொல்லவில்லை. குடியும் மனநோயுமாக மனுஷன் சிதைந்து போனார். ஆஸ்பத்திரியில் வருஷக்கணக்கில் கிடந்தார். எழுந்து வந்து 1986-இல் ஒன்பதாவது சிம்ஃபனியை எழுதினார். அதன் கடைசிப் பகுதி மட்டும் கிட்டத்தட்ட முன்னால் உள்ள மூன்று பகுதிகளின் நீளம். அவ்வளவு மெதுவாக, எலும்பும் தோலுமாக நகர்கிறது. கேட்கும்போது எனக்கு மாஸ்டரின் கடைசி வருஷம்தான் கண்ணில் நின்றது. நீ அப்போது மெட்ராஸ் போய்விட்டாய். நான் பார்த்தேன்.

விழா முடிந்து மலை இறங்கும்போது காரிலேயே பையன் அறிவித்துவிட்டான்: இன்ஜினியரிங் வேண்டாம், இவரைப் போல பேண்டுக்கும் எழுதுவேன், சினிமாவுக்கும் எழுதுவேன். அக்கா அடிவாரம் வரை வாயைத் திறக்கவில்லை. மாடர்ன் தியேட்டர்ஸின் பழைய நுழைவாயில் வளைவு வந்ததும் வண்டியை ஓரங்கட்டச் சொன்னாள். "பாருடா. மந்திரி குமாரி எடுத்த கம்பெனி. ஜி. ராமநாதன் மியூசிக் போட்ட படம். இன்னைக்கு என்ன மிச்சம்? வாசல்தான் மிச்சம்." அவள் சொன்னதில் தப்பே இல்லை. கல்யாண பேண்ட் செட்டில் இப்போது பாதிப் பேர் வேலையைக் கீபோர்டு பார்க்கிறது. உன் பாடும் எனக்குத் தெரியும்.

ஆனால் டேய், ஒவ்வொரு கருவிக்கும் அவன் தனித்தனியாக எழுதின பார்ட் காகிதங்களை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மூன்றாவது கிளாரினெட்டுக்கு நாலு பார் முழு மெட்டு கொடுத்திருக்கிறான்! ஐந்து வருஷமும் 'உம்-சக்' தாளத்தில் வெறும் 'சக்' மட்டும் வாசித்துவிட்டு இன்றுவரை புலம்புகிறவன் நீ. அந்த நாலு பாரைப் பார்த்த பிறகு இவனை இன்ஜினியரிங்குக்குத் தள்ளு என்று அக்காவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போகட்டும் என்று சொல்லவும் தைரியமில்லை. நீதான் அவனிடம் பேசவேண்டும். ஒரு மாதத்தில் எத்தனை ரெக்கார்டிங் வருகிறது, கையில் எவ்வளவு நிற்கிறது, டியூஷன் எடுக்காவிட்டால் வாடகை கட்ட முடியுமா, எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல். அதன் பிறகும் அவன் இதுதான் வேண்டும் என்றால் அக்காவோடு நான் மல்லுக்கு நிற்கிறேன்.

ஹாஸ்டலில் ஞாயிறு மாலைதான் போன் கொடுப்பார்கள். பார்ட்டெல்லாம் இதோடு நகல் எடுத்து வைத்திருக்கிறேன். ட்ரியோவில் (மார்ச்சின் இரண்டாம் பாதி) ட்ரோம்போனுக்கு மூச்சு விடவே இடம் வைக்கவில்லை, அதையும் நீயே சொல்லிவிடு. நான் சொன்னால், மாமா ட்ரம்பெட்காரர், உங்களுக்கு ட்ரோம்போன் பற்றி என்ன தெரியும் என்கிறான்.

உன்
ட்ரம்பெட்டு