வெட்டுவதற்கு முன் மீட்டரை வைத்துப் பாருங்கள்

மலையகப் பாதைகளில் வாகனங்களை மறித்துப் பரிசோதிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம் ஐயா.

எந்த வளைவில், எந்த நாளில் மறித்தீர்கள் என்று இங்கே எழுதப் போவதில்லை. அது உங்களுக்கே தெரியும். வெள்ளை டவுன்ஏஸ் வேன், டீசல் எஞ்சின், பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றின் மேல்பிரிவிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இறங்குவது. முன் சீட்டைத் தூக்கச் சொல்லிப் பார்த்தீர்கள். பெட்டரியின் மைனஸிலிருந்து கியர்பொக்ஸுக்கு ஒரு தடித்த கறுப்பு வயர், எஞ்சினிலிருந்து செசிக்கு இன்னொன்று. "இது கம்பனி வயர் இல்லையே" என்றீர்கள். சாரதி அண்ணன் விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் கட்டர் வந்துவிட்டது. இரண்டையும் வெட்டி அவர் கையிலேயே கொடுத்தீர்கள். கூடவே சிங்களத்தில் மட்டும் எழுதிய ஒரு தாள். அதன் பிறகு வேன் ஸ்டார்ட் ஆகவில்லை. வெள்ளைச் சீருடையோடு பிள்ளைகள் இறங்கித் தள்ளியதை நீங்களும் நின்று பார்த்தீர்கள்.

அவை இரண்டும் ஏர்த் வயர்கள், கரண்ட் பெட்டரியின் மைனஸுக்குத் திரும்பிப் போகும் வழி. அவற்றைச் செய்து பூட்டியவன் நான். ஹட்டன் பக்கம் ஒரு சின்ன கராஜில் வயரிங் வேலை பார்க்கிறேன். வயருக்குப் போன காசைக் கேட்டு இதை எழுதவில்லை. இப்படி வெட்டியது இது முதல் தடவையும் இல்லை. வெட்டிய வயரைக் கையில் பிடித்துக்கொண்டு என் கராஜுக்கு வருகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். கேட்பது ஒன்றுதான்: வெட்டுவதற்கு முன் வோல்ட் அளக்கும் மீட்டரை வைத்துப் பாருங்கள்.

நீங்கள் ஏன் இவ்வளவு கண்டிப்பாக நிற்கிறீர்கள் என்பது எங்களுக்கும் விளங்குகிறது. 2025 மே மாதம் கொத்மலை கெரண்டிஎல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அதே வருடம் செப்டெம்பரில் எல்ல - வெல்லவாய வீதியில் இன்னொரு பஸ். இந்த மலைப் பாதைகளில்தான் நாங்களும் எங்கள் பிள்ளைகளும் தினமும் போய்வருகிறோம். 'கிளீன் ஸ்ரீலங்கா' என்ற அரசாங்கத் திட்டத்தைச் சொல்லி வாகனங்களில் மேலதிகமாகப் பூட்டியவற்றைக் கழற்றச் சொன்னபோது, எதிரே வருகிறவன் கண்ணைக் கூச வைக்கும் லைட்டுகளும் காதைக் கிழிக்கும் ஹோர்ன்களும் ஒழியட்டும் என்று சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருவன். ஆனால் ஏர்த் வயர் அந்தப் பட்டியலில் எப்படி வந்தது?

வாகனம் படித்த உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இருந்தாலும் அன்று நடந்ததைப் பார்த்தால் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. எஞ்சின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் கரண்ட் கடத்தாது. பெட்டரியின் பிளஸிலிருந்து ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போகும் கரண்ட் முழுவதும் எஞ்சின் வழியாக, கியர்பொக்ஸ் வழியாக, ஒரு ஏர்த் வயரைப் பிடித்துத்தான் பெட்டரியின் மைனஸுக்குத் திரும்பி வர வேண்டும். டீசல் வேனின் ஸ்டார்ட்டர் சுற்றும்போது 200 அம்பியர் அளவுக்கு இழுக்கும். அந்தத் திரும்பும் பாதையில், துருப்பிடித்த ஒரு போல்ட்டில், ஒரு ஓமில் ஆயிரத்தில் ஐந்து பங்கு தடை இருந்தாலே போதும், 1 வோல்ட் அங்கேயே போய்விடும். 200 அம்பியரில் 1 வோல்ட் என்றால் அந்த போல்ட்டில் 200 வொட் சூடு. எஞ்சின் சுற்றாமல் போல்ட் சுடுகிறது.

டீசலுக்கு இன்னொரு தொல்லை. குளிரில் எஞ்சினைச் சூடாக்கும் குளோ பிளக்குகளும் எஞ்சினைத்தான் ஏர்த்தாகப் பிடிக்கின்றன. ஏர்த் மோசமானால் அவையும் அரைகுறையாகத்தான் சூடாகும். எங்கள் ஊர்க் காலைக் குளிர் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, தை மாதத்தில் புல்லில் பனி உறைகிறது. எண்ணெய் கட்டியாகி, பெட்டரியின் பலம் குறைந்து கிடக்கும் அந்த நேரத்தில்தான் ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் அதிகம் தேவைப்படுகிறது. வழி சரியில்லாவிட்டால் கரண்ட் சும்மா இருக்காது, கிடைத்த வழியில் புகுந்து போகும். எக்ஸலேட்டர் கேபிள் வழியாகப் போய், அதன் உறை உருகிப் பிடித்துக்கொண்ட வாகனங்களை என் கையால் பிரித்திருக்கிறேன். எக்ஸலேட்டர் கேபிள் இறுகினால் இறக்கத்தில் என்ன நடக்கும் என்பதை உங்கள் யோசனைக்கே விடுகிறேன்.

கம்பனி வயர் எங்கே போனது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மலைப் பாதையில் கிளட்ச் பிளேட் சீக்கிரம் தேயும். பிளேட் மாற்ற கியர்பொக்ஸை இறக்குவார்கள், ஏற்றும்போது கம்பனி ஏர்த்தான அந்தத் தட்டையான செம்புப் பின்னல் பட்டியைத் திரும்பப் பூட்ட மறந்துவிடுவார்கள். மறக்காதவர்கள் பெயின்ட்டுக்கு மேலேயே முறுக்கிவிடுவார்கள். அப்புறம் மழை, மூடுபனி, சேறு. செம்பு பச்சையாகி, தொட்டால் பொடியாக உதிரும். இந்த வேனில் அந்தப் பட்டி இருந்தது, பெயருக்கு. புதியது வாங்கலாமே என்றால், 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். நடுவில் 2022 பொருளாதார நெருக்கடி வேறு. இந்த வருடங்களில் மலையகத்தில் ஓடியது பழைய வாகனம், பழைய பார்ட்ஸ், எங்களைப் போன்றவர்களின் கைவேலை. அதில்தான் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். ஒருவேளை உங்கள் பிள்ளைகளும் போயிருக்கலாம்.

இப்போது வயரை வெட்டிய பிறகு நடப்பதைச் சொல்கிறேன். இதைத்தான் நீங்கள் பொறுமையாக வாசிக்க வேண்டும்.

அந்த மேல்பிரிவில் லயங்களுக்கு, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு, முன்னால் சமதரை என்று ஒன்று கிடையாது. வேனை இப்போது இரவில் கோயிலுக்கு மேலே இறக்கத்தில் நிறுத்துகிறார்கள், டயருக்கு அடியில் ஒரு கல். காலையில் கல்லை எடுத்து, உருட்டி, இரண்டாவது கியரில் கிளட்சை விட்டுத்தான் ஸ்டார்ட் எடுக்க வேண்டும். எஞ்சின் ஓடாத வேனில் பிரேக் எப்படி இருக்கும்? இந்த டீசல் எஞ்சினில் பிரேக்குக்கு உதவும் வேக்கம் பம்ப் அல்டர்னேட்டரின் பின்னால் இருக்கிறது. எஞ்சின் சுற்றினால்தான் அது சுற்றும். இரவு முழுக்க நின்ற வேனில் முதல் மிதியோ இரண்டாவது மிதியோ, அதற்குமேல் பெடல் கல்லாகிவிடும். ஸ்டியரிங்கும் அப்படியே. கீழே என்ன இருக்கிறது? தண்ணீர்க் குழாய், அதில் குடத்தோடு வரிசையில் நிற்கும் பெண்கள், அதற்கும் கீழே லயம்.

போன வாரம் ஒரு பெரியவருக்கு நடுச்சாமத்தில் மூச்சிழுப்பு வந்தது. அந்தப் பாதைக்கு அம்புலன்ஸ் எந்த நேரத்தில் ஏறி வரும் என்று நான் சொல்லத் தேவையில்லை. இந்த வேன்தான். மழை வேறு. நாலைந்து இளைஞர்கள் தள்ள, அண்ணன் இருட்டில் வேனை உருட்டினார். முதல் தடவை எஞ்சின் பிடிக்கவில்லை. வளைவு வந்துவிட்டது. பிரேக்கில் இரண்டு காலையும் வைத்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, வாய்க்கால் ஓரமாக நிறுத்தியிருக்கிறார். திரும்பத் தள்ளி, இரண்டாவது முறை பிடித்தது. பெரியவர் பிழைத்துக்கொண்டார், நெபுலைஸர் பிடித்து மறுநாளே அனுப்பிவிட்டார்கள். அந்த இரவைப் பெரிதாக்கிக் காட்டுவது என் நோக்கம் இல்லை. வேன் பிரேக் இல்லாமல் உருண்ட அந்தக் கொஞ்ச தூரத்தைப் பற்றித்தான் கேட்கிறேன். பாதுகாப்புக்காக என்று சொல்லி வெட்டினீர்கள். வயர் இருந்தபோது நின்ற இடத்திலேயே சாவியைத் திருப்பி ஸ்டார்ட் ஆன வேன் இப்போது பிரேக் இல்லாமல் உருண்டு ஸ்டார்ட் ஆகிறது. இதில் எது பாதுகாப்பு?

சரி, கைவேலை எல்லாம் நல்ல வேலை என்று நான் வாதாட மாட்டேன். வீட்டுக்குக் கரண்ட் இழுக்கும் வயரை முறுக்கி, முனையில் மாட்டும் உலோக வளையமான லக் கூடப் போடாமல் போல்ட்டில் சுற்றிவிட்ட வேலைகளைப் பார்த்திருக்கிறேன். ஃபேன் பெல்ட்டில் உரசும்படியும், சைலன்சர் குழாயில் சாய்ந்து உருகும்படியும் இழுத்தவை உண்டு. சிலிண்டர் ஹெட் போல்ட்டைத் தளர்த்தி அதில் லக்கைச் சொருகிய புண்ணியவான்களும் உண்டு. நீல நிறத்தில், சிவப்பு நிறத்தில் எட்டுப் பத்து வயர் போட்டு எஞ்சினைச் சப்பறம் போலச் சோடித்து, "லீட்டருக்கு இவ்வளவு கூட ஓடும், பவர் ஏறும்" என்று விற்கிறார்கள். அது வெறும் புளுகு. கம்பனி ஏர்த் சரியாக இருக்கும் வாகனத்தில் இன்னும் நாலு வயர் போட்டாலும் எண்ணெய் மிச்சமாகாது. அந்த வேலைகளை வெட்டுங்கள், கட்டர் வேண்டுமென்றால் நானே தருகிறேன்.

ஆனால் நல்லதையும் கெட்டதையும் பிரிக்க வழி இருக்கிறது. அந்த வேனில் போட்டது வெல்டிங் கேபிள், 25 சதுர மில்லிமீற்றர் செம்பு, மெல்லிய இழைகள் கொண்டது, எஞ்சின் ஆட்டத்துக்கு முறியாது. இரண்டு முனையிலும் அமுக்கிய லக், மேலே ஹீட் ஸ்லீவ். பூட்டிய இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, பல் வொஷர் போட்டு, இறுக்கி, கிரீஸ் பூசியது. இதைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். கண்ணை நம்ப வேண்டாம் என்றால் மீட்டர் இருக்கிறது. டீசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பெட்டரி மைனஸிலும் மறுமுனையை எஞ்சினின் வெற்று இரும்பிலும் பிடியுங்கள். சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். ஸ்டார்ட்டர் சுற்றும் அந்த மூன்று நான்கு நொடியில் மீட்டர் சொல்லிவிடும். 0.2 வோல்ட்டுக்குள் என்றால் நல்லது, 0.5ஐத் தாண்டினால் கோளாறு என்பது கராஜ்களில் பொதுவாக வைத்திருக்கும் கணக்கு. இந்த வேன் முதலில் என்னிடம் வந்தபோது 1 வோல்ட்டுக்கு மேலே காட்டியது. வயர் போட்ட பிறகு 0.2க்குள் வந்தது. நீங்கள் வெட்டியது அதைத்தான்.

இன்னொன்று. ஏர்த் வயர் தோல் உரிந்து வாகனத்தின் இரும்பு உடலில் பட்டால் ஒன்றும் ஆகாது, இரண்டும் ஒரே மைனஸ்தான். நெருப்பு வருவது பிளஸ் பக்கத்தில், ஃபியூஸ் இல்லாமல் இழுத்த வயரில். அன்று அதே இடத்தில் உங்களைக் கடந்து போன ஒரு பஸ்ஸில், பெட்டரியிலிருந்து நேராக லைட்டு மாலைக்கும் சவுண்ட் செட்டுக்கும் எத்தனை வயர் போயிருக்கும்? அதன் டயரில் பிடிமானத்துக்கான மேடு பள்ளம் எங்கே? கறுப்புப் புகையில் உங்கள் சீருடையே நிறம் மாறியிருக்குமே. பஸ் போய்விட்டது, பள்ளிக்கூட வேன் மாட்டிக்கொண்டது. பெரிய வாகனத்தை மறிக்கக் கை கொஞ்சம் கனக்கும் போலிருக்கிறது. தோட்டத்துக்காரன் வாகனம் என்றால் கை லேசாகிவிடுகிறது.

அந்தத் தாள் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 1987இல் 13ஆவது திருத்தம் வந்தபோதே தமிழும் அரசகரும மொழி என்று எழுதிவைத்தார்கள். அதற்குப் பிறகு பிறந்தவர்கள் இன்று பேரப்பிள்ளை எடுக்கும் வயதை நெருங்குகிறார்கள். இன்னும் ஒரு சாரதி, தன் வாகனத்தில் என்ன குற்றம் கண்டார்கள் என்று அறிய அடுத்த கடைக்காரரிடம் தாளைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டியிருக்கிறது. அவர் வாசித்துச் சொன்னதும் "அனுமதியற்ற மாற்றம்" என்று ஒரே வரிதான். என்ன மாற்றம், ஏன் ஆபத்து, எப்படிச் செய்தால் சரி, எதுவும் இல்லை. வாகன வருமான அனுமதிப் பத்திரத்துக்குப் பணம் கட்டும்போது மட்டும் எல்லா மொழியும் எல்லாருக்கும் விளங்கிவிடுகிறது.

கோபத்தில் கொஞ்சம் நீண்டுவிட்டது, மன்னிக்கவும். மழையில் நின்று வேலை செய்யும் உங்கள் கஷ்டமும் எனக்குத் தெரியும். பணிவாகவே கேட்கிறேன். ஏர்த் வயர் எதையும் வெட்டுவதற்கு முன் மீட்டரை வைத்துப் பாருங்கள். அளந்த பிறகும் அது ஆபத்து என்று பட்டால், காரணத்தைத் தமிழிலும் எழுதி, திருத்திக்கொண்டுவர ஒரு தவணை கொடுங்கள். எந்த அளவு வயர், எந்த இடம், எப்படிப் பூட்ட வேண்டும் என்று ஒரு பக்கத்தில் அச்சடித்துக் கராஜ்களுக்குக் கொடுத்தால், அப்படியே செய்ய நாங்கள் தயார்.

அப்புறம் அந்த வேன். அண்ணனிடம் இன்னும் அந்தத் தாள் இருக்கிறது, வயரைத் திரும்பப் பூட்டப் பயப்படுகிறார். அவர் வேனை மறுபடி பரிசோதிக்க ஒரு நாள் சொல்லுங்கள். புதிய வயரோடு நானும் வருகிறேன், உங்கள் முன்னாலேயே பூட்டி, உங்கள் கையிலேயே மீட்டரைத் தந்து அளக்கச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் நல்லது, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை.

இப்படிக்கு,
ஹட்டன் பக்கத்து வயரிங் பாஸ் ஒருவன்