கோவத்துக்கு கண்ணு நல்லாவே தெரியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

கோவத்த உள்ளயே வெச்சுக்காதீங்க, எங்கயாவது கொட்டித் தீத்துடுங்கன்னு நம்ம பேப்பர்ல அடிக்கடி டிப்ஸ் வருது, அதப்பத்தி கொஞ்சம் சொல்லணும்.

ஆபீஸ்ல மேனேஜர் எல்லார் முன்னாடியும் காய்ச்சி எடுக்குறாரு, "சரி சார்"னு தலைய ஆட்டிட்டு வந்துடுறோம். வீட்டுக்கு வந்தா பையன் ஹோம்வொர்க் நோட்டு மேல தண்ணிய தட்டி விட்டுடுறான், அவ்ளோதான், முதுகுல ரெண்டு சாத்து. வேற நாளா இருந்தா துணிய எடுத்து தொடச்சுட்டு போயிருப்போம். கேட்டா கோவத்துல கண்ணு மண்ணு தெரியலையாம். அதெப்படிங்க மேனேஜர்கிட்ட மட்டும் ரெண்டும் தெரிஞ்சுது? திருப்பிக் குடுக்க முடியாத ஆளா பாத்துத்தான் கோவம் போய் விழுது, குழந்தை, வீட்டு வேலைக்கு வர்றவங்க, கஸ்டமர் கேர்ல போன எடுக்குற பொண்ணு (நாம என்ன கத்துனாலும் அதுவா சட்டுனு லைன கட் பண்ண முடியாது).

1939லயே ஜான் டொலார்டுங்கிற அமெரிக்க உளவியல் அறிஞரும் யேல் பல்கலைக்கழகத்துல அவர்கூட இருந்தவங்களும் இத எழுதிட்டாங்க, கோவப்படுத்துனவன்கிட்ட காட்ட பயமா இருந்தா அது வேற ஆள் பக்கம் திரும்பிடும்னு. எய்தவன் இருக்க அம்ப நோகுறதுன்னு சொல்வோம், இதுல பாவம் அம்பு கூட இல்ல, சும்மா வழில நின்னவன்.

சரி, கொட்டுனா தீருமா? 2002ல பிராட் புஷ்மன்னு ஒரு உளவியல் பேராசிரியர் காலேஜ் பசங்கள வெச்சு டெஸ்ட் பண்ணாரு. கோவப்படுத்துன ஆள மனசுல நெனச்சுக்கிட்டே பஞ்சிங் பேக்க குத்துனவங்களுக்குத்தான் கடைசில கோவம் அதிகம், ஒண்ணும் பண்ணாம சும்மா உக்காந்திருந்தவங்களே அவங்கள விட தேவல. 2024ல அவரும் இன்னொருத்தரும் சேந்து 150க்கு மேல ஆய்வுகள தொகுத்துப் பாத்ததுலயும் மூச்சுப்பயிற்சி, தியானம் மாதிரி உடம்ப அமைதிப்படுத்துறதுதான் கோவத்த குறைக்குது, ஓடுனா கூட குறையலயாம்.

அதனால அடுத்த தடவ டிப்ஸ் போடும்போது கொட்டச் சொல்லாதீங்க சார். அதோட, அடி வாங்குன பையன்கிட்ட போய் "உன்மேல இல்லடா, ஆபீஸ் கோவம்"னு பெத்தவங்க வாயத் தொறந்து சொல்லணும்னும் ஒரு வரி சேருங்க, சொல்லலன்னா அவன் தண்ணி கொட்டுனது அவ்ளோ பெரிய குத்தம்னே நெனச்சுட்டு இருப்பான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்