விரல் மடங்கலன்னா உடனே பந்தா?

ஆசிரியருக்கு வணக்கம்,

உங்க மருத்துவப் பக்கத்துல விரல் பிரச்சினை பத்தி வந்த கட்டுரையப் படிச்சேன். மடக்க முடியலையா, நீட்ட முடியலையா, எதுவா இருந்தாலும் ஸ்பாஞ்சு பந்தை வாங்கி அமுக்குங்கன்னு போட்டிருந்தீங்க. கைக்குத் தெரபி குடுக்குறதுதான் என் வேலை, அதனால எழுதாம இருக்க முடியல.

விரலை அசைக்கிற தசை விரலுக்குள்ள கிடையாதுங்க. கொஞ்சம் உள்ளங்கையில இருக்கு, பெரிய தசையெல்லாம் முழங்கைக்குக் கீழதான். முன்கையைப் பிடிச்சுக்கிட்டு விரலை மடக்கிப் பாருங்க, உள்ள அசையுறது கைக்குத் தெரியும். அந்த இழுப்பை விரல் வரைக்கும் கொண்டு வர்றது டெண்டன், தசைநாண்னு சொல்றோமே அது. மடக்குற டெண்டன் எலும்பை விட்டு விலகாம இருக்க வழி நெடுக சின்னச் சின்ன வளையம் இருக்கு. விரல் ஆரம்பிக்கிற எடத்துல இருக்கிற மொத வளையத்துல இடம் பத்தாம டெண்டன் மாட்டிக்கிறதுதான் டிரிகர் ஃபிங்கர், காலையில எந்திரிச்சா விரல் மடங்கியே நிக்கும், இன்னொரு கையால நீட்டினா டக்குனு விடும், சுகர் இருக்கிறவங்களுக்கு இது அதிகம். இவங்க போயி பந்தை அமுக்குனா உரசுற எடத்துலயே மறுபடி மறுபடி உரசும், வேறென்ன ஆகும்? ஸ்ப்ளின்ட் (விரலுக்குத் தாங்கலா மாட்டுற பட்டை), ஸ்டீராய்டு ஊசி, அதுக்கும் கேக்கலன்னா வளையத்தைத் திறந்து விடுற சின்ன ஆபரேஷன், இதுதான் வழி.

மாலட் ஃபிங்கர் இதுக்கு நேர் எதிர். விரல் நுனியில பந்து பட்டு, நீட்டுற டெண்டன் நுனியில விட்டுப்போயிடும், நுனி தொங்கும். பலருக்குப் பெருசா வலிக்காது, அதனாலயே விட்டுடுவாங்க. 6ல இருந்து 8 வாரம் நுனி மூட்டை நேராவே வச்சிருக்கணும், ஸ்ப்ளின்ட்டைக் கழட்டிக் கழுவும்போதுகூட விரலை மேசை மேல வச்சுக்கிட்டுத்தான் கழுவணும், நடுவுல ஒருதடவை மடங்கிட்டா கணக்கு மறுபடி மொதல்ல இருந்து! இவங்ககிட்ட பந்தைக் குடுத்தா என்ன ஆகும்னு நீங்களே யோசிங்க.

வெட்டுப்பட்டு டெண்டன் தையல் போட்டவங்க பாடுதான் ரொம்பக் கஷ்டம். அசைக்காமலே விட்டா சுத்தியிருக்கிற சதையோட ஒட்டிக்கும், பலமா இழுத்தா தையல் அத்துக்கும். அதனாலதான் ஆபரேஷன் முடிஞ்ச சில நாள்லயே ஸ்ப்ளின்ட்டுக்குள்ள அளவா அசைக்க ஆரம்பிப்போம், ஆனா கனமானதைத் தூக்க, இறுக்கிப் பிடிக்க சுமார் 12 வாரம் ஆகும்.

அடிபடாம நாள்பட்டு வந்த பிரச்சினைன்னா வீட்டுலயே ஒண்ணு பாக்கலாம். விரல் தானா மடங்கல, ஆனா இன்னொரு கையால மெதுவா மடக்கினா மடங்குதா? அப்ப டெண்டன்லயோ நரம்புலயோ சிக்கல் இருக்கலாம். அடுத்தவங்க மடக்கினாலும் மடங்கலன்னா பெரும்பாலும் மூட்டே இறுகியிருக்கு. புதுசா அடிபட்ட கையிலயும் தையல் போட்ட கையிலயும் இதைச் செஞ்சு பாக்கவே கூடாது.

(நடுவிரலை மடக்கி வச்சுக்கிட்டு மோதிர விரலைத் தூக்க முடியலன்னு பயந்து வர்றவங்களும் உண்டு. அது கிட்டத்தட்ட எல்லாருக்கும் அப்படித்தான், அந்த டெண்டன்கள் புறங்கையில ஒண்ணோட ஒண்ணு இணைஞ்சிருக்கு.)

பந்துக்கும் ஒரு நேரம் இருக்கு, வீக்கம் வடிஞ்சு காயம் ஆறி பிடிமானம் மட்டும் கொறஞ்சிருக்கிறப்ப தெரபிஸ்டே குடுப்பாங்க. தயவுசெஞ்சு ஒரு திருத்தம் போடுங்க சார். கூடவே, கத்தியோ கண்ணாடியோ பட்டு காயம் சின்னதா இருந்தாலும் விரல் மடங்கலன்னா, இல்ல மரத்துப் போச்சுன்னா, அன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டணும்னு ஒரு வரி சேருங்க.

இப்படிக்கு,
உங்க வாசகர், ஒரு கை தெரபிஸ்ட்