சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை வழக்கம்போல் வீடு தேடிப் போகும்.

ஆண்டில் நான்கு கூட்டங்கள் நடந்தன. ஒன்று, கூட்டம் நடத்தப் போதிய உறுப்பினர்கள் வராமல் கலைந்தது. மே மாதம் உதகை தாவரவியல் பூங்கா மலர்க் கண்காட்சிக்குச் சேர்ந்து போய் வந்தோம்.

சாலையோரத் தடுப்புச்சுவர் மேல் படரும் ஆப்பிரிக்க டெய்சி வைத்ததைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். "பூக்காத செடிக்குச் சங்கப் பணமா?" என்று ஜூலையில் பேசியது என் காதுக்கும் வந்தது. இது தென்னாப்பிரிக்கக் கடற்கரைச் செடி. வெயில் பட்டால்தான் இதழ் விரிக்கும், மூட்டத்தில் மூடிக்கொள்ளும். ஜூலையில் நமக்கே சூரியன் கண்ணில் படவில்லை, செடியைக் குறை சொல்லி என்ன பயன்? பிப்ரவரியில் காலை பதினொரு மணிக்கு வந்தவர்கள் பார்த்திருப்பார்கள்: மேலே வெள்ளை, இதழின் அடியில் ஊதா, நடுவில் கருநீலக் கண்.

பணமும் பெரிதாகப் போகவில்லை. வாங்கியது 6 தொட்டிகள்தான். மற்றவை, மொட்டில்லாத நுனிகளை விரல் நீளம் கிள்ளி, அடியிலைகளை உருவி, மணல் கலந்த மண்ணில் நான் ஊன்றியவை. கேலி செய்தவர் வீட்டு வாசலுக்கும் இரண்டு போயிருக்கின்றன.

தவறும் என்னுடையதே. சுவரில் நீர் வடியும் துளை மண்ணடைத்துக் கிடந்ததைக் கவனிக்கவில்லை. அக்டோபர் மழையில் அந்த மூலைச் செடிகள் அடித்தண்டு கறுத்து, தொட்டதும் கையோடு வந்துவிட்டன. துளையைக் கம்பியால் குத்திவிட்ட பிறகு மீதி பிழைத்தன. ஜனவரி உறைபனியில் சாக்கு போர்த்த மூன்று பேர் வந்தார்கள். பட்டியலில் இருப்பவர்கள் 42 பேர். வந்த மூவரில் ஒருவர் உறுப்பினரே அல்ல, எதிர் டீக்கடைத் தம்பி.

இதுவும் உண்ணிச்செடிபோல் காடேறிவிடுமோ என்று ஒருவர் கேட்டார். நியாயமான கவலை. தரையில் கிடக்கும் தண்டு கணுவுக்குக் கணு வேர்விடும். வெட்டியதை ஓடைப்பக்கம் எறியாதீர்கள்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கையிருப்பு போன ஆண்டைவிடக் குறைவு, கடன் இல்லை. சந்தா கட்டியவர்கள் பாதிக்கும் கீழே. இரண்டு ஆண்டுகளாக "அடுத்த வாரம்" என்று சொல்லிவரும் ஒருவரின் மாடியில் நம் டெய்சி மிக நன்றாகத் தொங்குகிறது.

கூட்டத்துக்கு இடம் தந்தவர்களுக்கும், தேநீர் தந்தவர்களுக்கும், நிர்வாகக் குழுவுக்கும் நன்றி.

செயலாளர் பொறுப்புக்கு வேறொரு பெயரை யாராவது முன்மொழிந்தால் மகிழ்வேன். எப்படியானாலும் மழைக்கு முன் செடிகளைக் கத்தரித்தாக வேண்டும். மே கடைசி ஞாயிறு காலை ஏழு மணிக்குச் சுவரருகே இருப்பேன். என்னிடம் கத்தரிக்கோல் ஒன்றுதான் இருக்கிறது.

செயலாளர்