கைப்பிடிக்கு 48 கிராம்

ஸ்காபரோ, கனடா,
தாங்ஸ்கிவிங் திங்கள், பின்னேரம்.

அன்பு மகளுக்கு,

நானும் அப்பாவும் சுகம். நீ டியூட்டி முடிந்து நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

போன மாதம் போனில், கூழுக்கு ஒடியல் மா, அதுதான் பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மா, எவ்வளவு என்று கேட்டாய். "கைக்கு வாற அளவு" என்றேன். "உங்கட கை ஹலிஃபாக்ஸில இல்லையே அம்மா" என்றுவிட்டு வேறு கதைக்குப் போய்விட்டாய். எனக்கு அது நாலைந்து நாள் மனதுக்குள் கிடந்து உழன்றது. அதுதான் இந்த மூன்று நாள் லீவில், கேக் அடிக்க நீ வாங்கி இங்கே விட்டுப்போன தராசைத் தூசு தட்டி எடுத்தேன்.

ஆனால் கூழ் ஞாயிறுதான். சனிக்கிழமை புரட்டாதிச் சனி. அப்பா கோயிலில் எள்ளெண்ணெய் எரித்துவிட்டு வந்தார். மீன் சட்டியை நினைத்தும் பார்க்க முடியாது. சரி என்று உன் சமையல் குறிப்புக் கொப்பியை எடுத்து அப்பிள் பை செய்தேன். "பட்டர் குளிராக இருக்க வேண்டும்" என்று கீழே மூன்று கோடு போட்டிருக்கிறாய். அதைப் பார்த்துக்கொண்டே பட்டரை வெளியில் வைத்து இளக விட்டேன். ரொட்டிக்குக் குழைத்துப் பழகிய கை வேறென்ன செய்யும்? திரும்பவும் பிரிட்ஜுக்குள் வைத்து, ஒரு மணித்தியாலம் பொறுத்து, பட்டாணி அளவுக் கட்டிகளாக மாவோடு உதிர்த்தேன். அந்தக் கட்டிகள் சூட்டில் உருகி ஆவி கிளம்பினால்தான் மா அடுக்கடுக்காகப் பிரியும் என்று ஓரத்தில் நீ பொடி எழுத்தில் எழுதியது அதற்குப் பிறகுதான் கண்ணில் பட்டது. சனி என்பதால் மேலே முட்டை பூசவில்லை, பால்தான். 425 பாகை பாரன்ஹீட்டில் 20 நிமிடம், பிறகு 350க்குக் குறைத்து 40 நிமிடம். நிறம் கொஞ்சம் வெளிறல், ஆனால் மேலோடு உன்னுடையது போலவே பொரிந்து வந்தது. வெட்டினால் உள்ளே ஒரு துண்டு அப்பிள் இல்லை. முழுக்கக் களி.

மில்ற்றன் பக்கம் தோட்டத்தில் போன கிழமை நாங்களே பிடுங்கிய மக்கின்ரோஷ் அது. பச்சையாகக் கடிக்க அதைப்போல ஒன்று வராது. 1811இல் இதே ஒன்ராறியோவில், டண்டேலாவில், ஜோன் மக்கின்ரோஷ் என்பவரின் காணியில் கண்டெடுத்த மரத்தின் வழி வந்த பழமாம். அப்பா போனில் பார்த்துத் தன் சொந்தக் காணி மாதிரிப் பெருமையாக வாசித்தார். அடுப்புச் சூடு பட்டால் கரைந்துவிடும் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டம்மா ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டு, "பைக்கு நோர்தேர்ன் ஸ்பை வாங்கு, கொஞ்சம் பிந்தித்தான் வரும், துண்டு துண்டாக நிற்கும்" என்றார். உன் கொப்பியைத் திரும்பப் பார்த்தேன். "அப்பிள் 6" என்று மட்டும் இருக்கிறது. என் கைப்பிடியைக் குறை சொல்லுகிற ஆள் நீ!

அப்பா அந்தக் களியைக் கரண்டியால் வழித்து வழித்துத் தின்று முடித்தார்.

ஞாயிறு வெளியே 6 பாகை செல்சியஸ் குளிர், முற்றம் முழுக்க மேப்பிள் இலை. தெருவெல்லாம் வான்கோழி மணம், எங்கள் வீட்டில் நண்டு மணம். கூழுக்கு இப்படி ஒரு நாள் யாழ்ப்பாணத்தில் கிடைக்காது என்றால் அம்மம்மா அடிக்க வருவா. அங்கே வேர்வை ஒழுக ஒழுகத்தானே குடித்தோம்.

இனி எழுதிக்கொள். என் ஒரு கைப்பிடி ஒடியல் மா 48 கிராம். 3 லீற்றர் தண்ணீருக்கு நாலு கைப்பிடி. அதை முதலே தண்ணீரில் ஊறப்போடு. மா அடியில் படிந்ததும் மேல் தண்ணீரை ஊற்றிவிட்டு, இரண்டு தரம் புதுத் தண்ணீர் மாற்று. அவசரப்பட்டால் கூழ் கைக்கும். அரிசி 35 கிராம், பலாக்கொட்டை, பயித்தங்காய், மரவள்ளிக்கிழங்கு முதலில் அவியட்டும். மீன் தலை, நண்டு, இறால் பிறகு. செத்தல் மிளகாய் 14, மஞ்சளோடு அரைத்தது. பழப்புளி 40 கிராம். கரைத்த மா கடைசியில். அதை விட்ட பிறகு அகப்பை நிற்கக் கூடாது, அடிப்பிடிக்கும். முருங்கையிலை இல்லாவிட்டால் ஏதாவது கீரை. மரவள்ளி போட்ட சட்டிக்குக் கிட்டவும் இஞ்சி வரக்கூடாது. ஏன் என்று கேட்காதே, எங்கள் வீட்டில் ஒருவரும் சோதித்துப் பார்த்ததில்லை.

ஒவ்வொன்றாக நிறுத்து நிறுத்துப் போட்டதில் கை குழம்பி உப்பை மறந்துபோனேன். அப்பா முதல் வாய் குடித்துவிட்டு ஒன்றும் பேசாமல் உப்புப் பேணியைத் தேடினார். அதனால் உப்புக்கு மட்டும் என்னிடம் கணக்கில்லை. நக்கிப் பார்த்துப் போடு.

கூழ் குடிக்கிற பிளா கோலப் பனையோலைக்கு எங்கே போவது, சூப் கோப்பைதான். அப்பா மட்டும் ஊரிலிருந்து கொண்டுவந்த சிரட்டையில் குடித்தார்.

இன்று தபால் கந்தோர் பூட்டு. நாளைக்கு 400 கிராம் ஒடியல் மா அனுப்புகிறேன், இரண்டு முறைக்குக் காணும். மீன் தலைக்கு அந்தக் கடற்கரை ஊரில் நீ அலையத் தேவையில்லை. பொதி வந்ததும் ஒரு பிடி அள்ளித் தராசில் வைத்துப் பார். உன் கை என்னுடையதைவிடச் சின்னது. எத்தனை கிராம் என்று எனக்குச் சொல். அந்த ஆறு அப்பிளும் என்ன அப்பிள் என்பதையும்.

அன்புடன்,
அம்மா